தொண்டு என்ற தலைப்பின் கீழ்

எங்கள் கம்பெனியின் இணையதளத்தில் ‘எங்கள் மக்கள்’ என்று ஒரு பக்கம் உண்டு. அதைத் தொட்டால் முதலாளி, அவர் மனைவி, இரண்டு மகன்கள், மருமகள்கள், மடியில் பேரன் என்று ஒரு குடும்பப் படம் வரும். அருள்புரத்தில் எங்கள் இரண்டு யூனிட்டிலும் வேலை செய்கிற நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கத்தில் இல்லை. தளம் வெளியாவதற்கு முன் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவள் நான். படத்தின் கீழிருந்த வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்த்தேன். வேறு பிழை எதுவும் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. இப்போது நினைத்தால் வாயில் கசப்பு ஊறுகிறது.

நான் அங்கே ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பின்னலாடைத் தொழில் என்றால் நூலும் ஊசியும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஒரு பனியன் கப்பலேறுவதற்குள் அதைவிடக் கனமான காகிதம் சேர்ந்துவிடும். சாயம் போகாது என்பதற்கு ஒரு சான்று. துவைத்தால் சுருங்காது என்பதற்கு ஒன்று. தைக்கும்போது ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளும் கிடைத்துவிட்டன என்று காட்ட, அந்தத் துண்டுகளையே டேப் போட்டு ஒட்டிய ஒரு பதிவேடு. இருபது வருடத்துக்கு மேலாக இவற்றை அடுக்கி வருகிறேன். கேட்ட காகிதத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பேன் என்ற பெருமை எனக்கு இருந்தது.

எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர், தொழிலாளர்களுக்கான விதிகள், படிவங்கள், புகார் சொல்லும் வழி எல்லாம் அவரவர் கைபேசியிலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்துதான் இது தொடங்கியது. முதலாளி ஒரு படி மேலே போய், காகிதப் படிவங்களையே நிறுத்திவிட்டார். ‘பேப்பர் இல்லாத கம்பெனி’ என்று வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் வைத்தார். தளத்தைப் புதிதாகச் செய்யக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘இன்பர்மேஷன் ஆர்க்கிடெக்சர்’ என்றார். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க மேடம். யாரு எதைத் தேடி வந்தாலும், இங்கதான் இருக்கும்னு அவங்க நெனைக்கிற எடத்துல அது இருக்கோணும். அவ்வளவுதானுங்க.”

நல்ல வார்த்தை. அன்று மாலை அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். அடுத்த நாள் அவர் செய்தது, முதலாளியின் எதிரில் உட்கார்ந்து, “எதெது எந்த ஆர்டர்ல வேணுமுங்க சார்?” என்று கேட்டதுதான். தேடி வருகிறவர் யார் என்ற பேச்சே எழவில்லை.

மேல் வரிசையில் தலைப்புகள் இப்படி அமைந்தன. முதலாளியின் செய்தி, எங்கள் மக்கள், யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு, தொண்டு, வேலைவாய்ப்பு, டவுன்லோடு. யூனிட் ஒன்று என்றால் பெரிய மகன், அவர் பொறுப்பில் சாயம். யூனிட் இரண்டு சின்ன மகன், அவர் பொறுப்பில் பரிசோதனைக் கூடம். அதனால் ஒரே துணியின் சாயச் சான்று அண்ணன் தலைப்பிலும், சுருக்கச் சான்று தம்பி தலைப்பிலும் போய் உட்கார்ந்தன. எங்கோ கடல் கடந்து இருக்கிற ஒருவர் ஒரு சான்றிதழைக் கண்டுபிடிக்க, எங்கள் முதலாளி வீட்டுப் பாகப்பிரிவினை தெரிந்திருக்க வேண்டும். இதை நான் அப்போதே பார்த்தேன். பார்த்துச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

எந்தக் கோப்பு எந்தத் தலைப்பின் கீழ் என்று எழுதுகிற வேலை எனக்கு வந்தது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, எதிரே தலைப்பை எழுதிக்கொண்டே போனேன். பேறுகால விடுப்பு விண்ணப்பம் என்ற வரியில் மட்டும் பேனா நின்றது. முதலாளியின் அறைக்கு நோட்டோடு போனேன்.

“இது எதுலீங்க வரும்?”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “அதெல்லாம் நாம பண்ற நல்ல காரியமுங்க அம்மிணி. ரத்த தான முகாம், அன்னதானம், புள்ளைகளுக்கு நோட்டுப் புஸ்தகம் குடுத்தது, அதோட சேர்த்து வையுங்க. நாலு பேரு பாக்கட்டும்.”

“சூப்பருங்க சார்,” என்றார் கோயம்புத்தூர்க்காரர். “பாக்கறவங்களுக்கு ஒரு வேல்யூ தெரியும்.”

நான் ‘தொண்டு’ என்று எழுதினேன். நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை, எச்.ஆர். அதிகாரி ஒரு பட்டியலை என் மேசையில் வைத்தார். மாதம் ஒரு முறை வரும் பட்டியல்தான். எங்கள் பக்கத்தில் வேலையை விட்டவரை விலகினார் என்று சொல்ல மாட்டோம், ‘நின்னுட்டாங்க’ என்போம். விண்ணப்பம் இல்லாமல் பத்து நாள் வராதவரை கம்ப்யூட்டர் தானாகவே அந்தப் பட்டியலில் தள்ளிவிடும். சனிக்கிழமை முதலாளி கையெழுத்துப் போடுவார். திங்கட்கிழமை அவர்களின் விரல் ரேகை, வருகை பதிகிற பஞ்ச் மெஷினிலிருந்து அழிக்கப்படும், இடம் வேறொருவருக்குப் போகும். திரும்பி வந்தால் புது ஆள். எத்தனை வருடம் வேலை செய்திருந்தாலும் அது போனதுதான்.

பட்டியலின் நடுவில், செக்கிங் பிரிவில் நான்காவது மேசைப் பெண்ணின் பெயர் இருந்தது. எட்டு வருடமாக வேலை செய்கிறவள். போன மாதம் தாராபுரத்தில் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் புறப்பட்டபோது, என் அறை வாசலில் நின்று சொல்லிக்கொண்டுதான் போனாள்.

“இவங்க நிக்கலையே. பிரசவத்துக்குப் போயிருக்காங்க,” என்றேன்.

“தெரியுமுங்க மேடம். எனக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும், வாட்ச்மேனுக்கும் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியலீங்களே,” என்றார் எச்.ஆர். அதிகாரி. “வெப்சைட்ல பார்ம் போடச் சொல்லி மெசேஜ் அனுப்பிச்சமுங்க. போடலை. சனிக்கிழமைக்குள்ள வந்தா எடுத்துருவோம். இல்லீன்னா நின்னுட்டாங்கதான்.”

அவர் கெட்டவர் இல்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். பின்னால் பச்சைக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

“தொழாவித் தொழாவிப் பாத்தனுங்க்கா,” என்றாள். “லீவுன்னு ஒரு எழுத்துக்கூட அதுல இல்லீங்க. எங்கூட்டுக்காரரும் பாத்தாரு. அவுரு சொல்றாரு, உங்க கம்பெனில யாருக்கும் லீவே இல்லையாட்ட இருக்குதுன்னு.”

“இப்ப நான் லைன்ல இருக்கறேன். மறுபடியும் பாரு. எதைத் தொடறியோ அதைச் சத்தமா சொல்லு.”

இத்தனை நாளில் நான் ஒருமுறையாவது செய்திருக்க வேண்டிய வேலை அது. அவள் விரல் போகிற வழியை அவள் குரலிலேயே கேட்டேன்.

“எங்கள் மக்கள். இதுல நம்மளதெல்லாம் இருக்கும்னு மொதல்ல இதுக்குத்தானுங்க போனேன். போனா மொதலாளி ஊட்டு ஒறம்பரையெல்லாம் வரிசையா ஒக்காந்திருக்கறாங்க. சரி, வேலைவாய்ப்பு. அது என்ன படிச்சிருக்கறேன்னு கேக்குதுங்க. எட்டு வருசம் வேலை பாத்தவகிட்ட! அப்புறம் இந்த டவுன்லோடு. அதுல பூராப் பனியன் படமுங்க்கா.”

“தொண்டுன்னு ஒண்ணு இருக்குது பாரு. அதைத் தொடு.”

“அதுக்குள்ள நா எதுக்குங்க போறேன்? ரத்தம் குடுக்கறதுக்கா? இருக்கற ரத்தமெல்லாம் போயித்தானுங்க படுத்துக் கெடக்கறேன்.” சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, “தொடு,” என்றேன்.

முதலாளி சேலை கொடுக்கிற படம். முதலாளி சாதம் பரிமாறுகிற படம். முதலாளி மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற படம். ஒவ்வொன்றும் மெதுவாகத் திறந்தது, அங்கே சிக்னல் சரியில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கீழே இறங்கினாள். அடியில் இருந்தது விண்ணப்பம்.

“அக்கா. இதுல பயனாளி பேருன்னு போட்டிருக்குதுங்க.”

“ம்.”

“உதவி கோரும் காரணம்னு கேக்குதுங்க. என்னங்க்கா எழுதறது?” அதை இன்னொரு முறை முணுமுணுத்துப் படித்தாள். “இது தர்மத்துக்குக் குடுக்கறதுங்களா? லீவுன்னுல்லோ நெனைச்சுட்டிருந்தேன். எங்கூட்டுக்காரரு பாத்தா, பிச்சையாடி கேக்கறேம்பாரு. எனக்கு இது வேண்டாமுங்க.”

“நிரப்பலேன்னா நின்னுட்டாங்கன்னு போட்டுருவாங்க. சனிக்கிழமைதான் கடைசி.”

“நா நிக்கலீங்களே!” என்றாள். குழந்தை வீறிட்டது. பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். பேறுகால விடுப்பு விண்ணப்பம், எதிரே என் கையெழுத்து. அன்னதானப் படிவத்துக்கான அச்சையே வடிவமைப்பாளர் அந்தத் தலைப்பில் வந்த எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார். அவரை மட்டும் சொல்லி என்ன? தலைப்பு தொண்டு என்றால் கேட்பவர் பயனாளி, கேட்பது உதவி. அவர் ஒழுங்காகத்தான் செய்திருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே காகிதம் எடுக்கிறவள் என்ற என் பெருமைக்கு அர்த்தம், அது எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும் என்பதுதான். முதலாளியின் குணத்தைப் பார்த்து வந்த அருவருப்பைவிட இது மோசமாக இருந்தது. அன்று மதியம் கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன்.

வியாழக்கிழமை, தவறாக அச்சாகிக் கழித்துப் போட்டிருந்த விலை டேக்குகள் ஒரு கட்டு எடுத்தேன். பின்பக்கம் வெற்று அட்டை. தொழிலாளர்களுக்கான ஒவ்வொரு கோப்பின் பெயரையும் ஒவ்வொரு அட்டையில் எழுதினேன். தளத்தின் பெரிய தலைப்புகளையும் தனித்தனி அட்டைகளாக எழுதிச் சேர்த்தேன். மதிய இடைவேளையில் செக்கிங் பிரிவின் நீள மேசையில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

“என்னங்க்கா, சீட்டாட்டமுங்களா? ஆபீசுல தெரியுங்களா?” என்றாள் ஒருத்தி.

“எது எதோட சேருமோ அதோட சேர்த்து வையுங்க. தலைப்பெல்லாம் அப்புறம்.”

நாள் முழுக்கப் பனியனைத் திருப்பிப் பார்த்து நல்லது, சிறு குறையால் மலிவாக விற்கிற செகண்ட்ஸ், ரிஜெக்ட் என்று பிரிக்கிற கைகள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாப்பிட்ட ஈரம் காயாத விரல்களால் அட்டைகளைத் தள்ள ஆரம்பித்தார்கள்.

“ஏய், இந்த மொதலாளி செய்திய எங்குட்டு வைக்க?” என்று கேட்டாள் தேனிப் பக்கத்துக்காரி.

“செகண்ட்ஸ்ல போடுக்கா.”

“செகண்ட்ஸ கூட யாராச்சும் வாங்குவாகடி.”

மேசை குலுங்கச் சிரித்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பீகார்ப் பெண்ணுக்குப் பக்கத்திலிருந்தவள் ஒவ்வொரு அட்டையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். புகார் என்று கேட்டதும் அந்தப் பெண் அட்டையைப் பிடுங்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். “ஏ உப்பர் வேணும் அக்கா. சப்ஸே உப்பர். கீழே வெச்சா யார் பாக்கும்?”

நாலு குவியல்கள் ஆயின. பெயர் கேட்டேன். வேலைக்கு வர்றது, வேலைக்கு வராதது, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆனா, யாருகிட்டச் சொல்றது. பேறுகால விடுப்பு, ‘வராதது’ குவியலில், காய்ச்சல் விடுப்புக்கும் நோம்பி, பண்டிகை விடுப்புக்கும் நடுவில் கிடந்தது. அதை யார் அங்கே வைத்தார்கள் என்றுகூட நான் கவனிக்கவில்லை, அவ்வளவு வேகமாக நடந்தது.

“இதை எப்படி இங்க வெச்சீங்க?”

கேள்வியே புரியாமல் பார்த்தார்கள். “வர முடியாது, லீவு. அதுல யோசிக்கறதுக்கு என்னங்க்கா இருக்குது?”

இடைவேளை முடிகிற இரண்டாம் மணி அடிப்பதற்கு முன்பே வேலை முடிந்திருந்தது. கோயம்புத்தூர்க்காரர் இதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தாராபுரத்திலிருந்த அந்தப் பெண்ணிடம் மறுபடி பேசினேன். அந்தப் படிவம் வேண்டாம், உன் கையாலேயே எழுதி, படம் எடுத்து அனுப்பு என்றேன். எப்படி எழுத வேண்டும் என்று கேட்டாள். உண்மையை எழுது என்றேன். மாலையில் வந்தது. ‘எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நான் விடுப்பில் இருக்கிறேன். விடுப்பு முடிந்ததும் நாலாம் மேசைக்கு வந்துவிடுவேன்.’ கீழே கையெழுத்து, பணி எண். தயவு, தாழ்மை என்ற சொற்கள் எங்கும் இல்லை. அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். பேப்பர் இல்லாத கம்பெனியில் அந்த வாரம் சேர்ந்த முதல் காகித விண்ணப்பம் அதுதான்.

சனிக்கிழமை பட்டியலை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவளுடைய கடிதத்தையும், நாலு குவியல்களின் விவரத்தையும் முன்னால் வைத்தேன். பேறுகால விடுப்பு தொண்டிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. உண்மையிலேயே மனம் நொந்தார் என்று நினைக்கிறேன்.

“தர்மம்னு சொல்றதுல என்னங்க கேவலம்? இத்தன வருசத்துல ஆருக்காச்சும் இல்லைன்னு சொல்லியிருக்கறனா?”

“இல்லீங்க. ஆனா தர்மம்னா, இல்லைன்னும் சொல்லலாம்னு ஆயிருதுங்களே. இந்தப் பொண்ணுக்கு இப்ப அப்படித்தான ஆயிருச்சு?”

வடிவமைப்பாளரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். “இதுக்கு எதுக்குங்க மேடம் வெசனப்படறீங்க? ரெண்டு எடத்துலயும் லிங்க் குடுத்துரலாமுங்க. விடுப்புலயும் இருக்கட்டும், தொண்டுலயும் இருக்கட்டும். தேடறவங்களுக்கு ஈசி.”

முதலாளி முகம் மலர்ந்தது. எவ்வளவு வழவழப்பான பேச்சு! அதே ஆள்தான் ‘அவங்க நெனைக்கிற எடத்துல இருக்கோணும்’ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். இரண்டு இடத்தில் வைத்தால், படத்தில் ஒருவர் சேலை கொடுக்க அதே பக்கத்தின் அடியில் இவள் கை நீட்டிக்கொண்டு நிற்பது அப்படியே இருக்கும். வேண்டாம் என்றேன். ஓர் இடம் போதும் என்றேன். என் குரல் உயர்ந்ததில் எனக்கே வியப்பு.

முதலாளி பெருமூச்சு விட்டுப் பட்டியலை இழுத்தார். “செரி. உங்க மூஞ்சிக்காகப் பண்றனுங்க அம்மிணி.” அவள் பெயரை அடித்துவிட்டு, ஓரத்தில் பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். ‘கருணை அடிப்படையில்.’

வாங்கிப் படித்தேன். பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. அதற்காகத்தான் வந்தேன், அதை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் இந்தக் காகிதம் என் அலமாரியில் இருக்கப்போகிறது. அடுத்த பிரசவத்துக்கோ, வேறொருத்தியின் பிரசவத்துக்கோ இதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் கருணை என்று இருக்கும்.

பட்டியலை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

“ஒரு திருத்தம் இருக்குதுங்க.”

“என்ன திருத்தம்?”

“காரணம் தப்பா விழுந்திருக்குதுங்க. விண்ணப்பம் கையில இருக்குது. கருணைக்கு வேலையில்லீங்க. ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, பக்கத்துல இனிஷியல் வையுங்க.”

ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான சொல், இனிஷியல். எங்கள் கம்பெனியில் எந்தப் பதிவேட்டிலும் திருத்தம் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆடிட்டுக்கு ஆட்கள் வந்துபோன ஒரு வருடம் அந்த விதியைப் போட்டவரே அவர்தான். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஸ்பீக்கரில் கோயம்புத்தூர்க்காரர், “ஹலோ, ஹலோ சார்?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலாளி போனை அணைத்தார். கோடு போட்டார். ‘விடுப்பில் உள்ளார்’ என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். இனிஷியல் வைத்தார்.

“நீங்க முன்ன மாதிரி இல்லீங்க மேடம்,” என்றார். என்னை அவர் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

தளத்தில் விடுப்பு என்ற தலைப்பு இப்போது புகாருக்கு அடுத்ததாக இருக்கிறது. பயனாளி என்ற சொல்லை எல்லாப் படிவங்களிலிருந்தும் எடுத்தாகிவிட்டது. சாயமும் சுருக்கமும் துணி என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டன. அதற்காக அண்ணனும் தம்பியும் என்னிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘எங்கள் மக்கள்’ பக்கத்தில் குடும்பப் படம் அப்படியே இருக்கிறது. அதை என்னால் அசைக்க முடியவில்லை. ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் அந்த அருவருப்பு வருகிறது, அதில் ஒரு பங்கு எனக்குரியது.

அந்தப் பெண் விடுப்பு முடிந்து ஒரு திங்கட்கிழமை வந்தாள். உடம்பு கொஞ்சம் ஊதியிருந்தது. பஞ்ச் மெஷினில் விரலை வைத்தாள், அது ஏற்றுக்கொண்டது. சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே கத்தினார்.

“என்ன அம்மிணி, ரெஸ்ட்டெல்லாம் முடிஞ்சுதா?”

“ரெஸ்ட்டுங்களா? இத்தன நாளும் டபுள் ஷிப்ட்டுங்க. இனிமேத்தான் இங்க வந்து ரெஸ்ட்டு எடுக்கோணும்!”

என்னைக் கடந்து போகையில் தலையை அசைத்தாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. நாலாம் மேசையில் அன்றைக்கு வந்திருந்த சரக்கில் முதல் பனியனை எடுத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, கைப் பகுதியின் தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. அதன்மேல் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.